மாமா நல்லா இருக்குன்னு சொன்ன ஹெட்போன்

என் தாய்மாமனுக்கு முதலில் பார்த்த மூன்று இடமும் தட்டிப்போனதற்கு ஜாதகம் காரணம் இல்லை. மாமாவின் காதுதான் காரணம்.

அப்போது மாமா கடலூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. பீடி, சிகரெட், குடி ஒன்றும் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீஸ்வரரைப் பார்த்துவிட்டு வருவார். இருந்த ஒரே பைத்தியம் சத்தம். பாட்டுப் பைத்தியம் வேறு, சத்தப் பைத்தியம் வேறு. பாட்டுப் பைத்தியத்துக்கு ஒரு ரேடியோ போதும். மாமாவுக்கு ஆம்ப்ளிஃபயர், பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர், பாம்பு மாதிரி தடித்த ஒயர் எல்லாம் வேண்டும். கறுப்பாக, கனமாக, பார்க்கவே சகிக்காத ஒரு பழைய ஹெட்போனும் வைத்திருந்தார். அதன் பஞ்சு உதிர்ந்துபோனதால் அம்மாவின் ரவிக்கைத் துணியை வெட்டி உறை தைத்துப் போட்டிருந்தார். அதைத் துடைத்து வைக்கிற பக்தியைப் பார்த்தால் சாளக்கிராமம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் துறைமுகத்துப் பக்கம் கயிற்றுக்கடை வைத்திருந்த பாய் மாமா. இன்னொருவர் தாலுக்கா ஆபீஸ் மாமா. மூன்று பேரும் ஒரே பாட்டை நாலு தடவை போட்டு, அந்த ஒற்றை ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார்கள். பிறகு சண்டை போடுவார்கள். பாட்டைப் பற்றி இல்லை, பாட்டுக்குள் எங்கோ ஒரு மூலையில் கேட்ட சலங்கையைப் பற்றி.

அவர்களை ஒற்றுமையாக்கிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். விளம்பரத்தில் சினிமாக்காரர்களும் கிரிக்கெட்காரர்களும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிற, பளபளவென்ற கலர் ஹெட்போன். அப்போது டவுனில் வசதியான பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். மாமா அதற்கு வைத்த பெயர் கவரிங் கம்மல். “காதுல போடுறதுக்கு இல்ல, கழுத்துல போடுறதுக்கு வாங்குறானுங்க” என்பார் தாலுக்கா ஆபீஸ் மாமா. “பாடுறவன் கெணத்துக்குள்ள நிக்கிறான், டிரம்ஸ் அடிக்கிறவன் நம்ம மடியில உக்காந்திருக்கான். இதுக்கு அவ்ளோ வெல” என்பார் பாய் மாமா. நானும் பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தால் கவரிங் கம்மல் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். எனக்குப் பத்து வயது. மாமா சொன்னால் வேதம்.

முதல் பெண் வீட்டில் மாமா, அவர்கள் ஸ்பீக்கருக்கு ஒயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள் என்று எழுந்துபோய்க் கழற்றத் தொடங்கிவிட்டார். இரண்டாம் வீட்டில் பெண்ணின் தம்பி ஆசையாக அவனுடைய கலர் ஹெட்போனைக் காட்ட, அது ஏன் உருப்படாதது என்று அரை மணி நேரம் விளக்கினார். பையன் அழுதுவிட்டான். மூன்றாம் வீட்டுக்கு இந்தச் சேதி எங்களுக்கு முன்னாலேயே போய்விட்டது.

நாலாவதாகச் சிதம்பரத்திலிருந்து ஒரு போட்டோ வந்தது. தரகர் அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு, லட்சுமி மாதிரி பெண் என்றார். லட்சுமி மாதிரிதான் இருந்தாள். ஆனால் லட்சுமியின் கழுத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு பெரிய ஹெட்போன் தொங்கியது.

மாமா போட்டோவைத் திருப்பி வைத்தார். “இந்த எடம் வேணாம்க்கா.”

“டேய், கழுத்துல என்ன கெடக்குன்னா பாப்பாங்க? மூஞ்சியப் பாருடா.”

“மூஞ்சி நல்லாதான் இருக்கு. இத மாட்டிக்கிட்டு போஸ் குடுக்குதே, அதான் ஒதைக்குது.”

அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது இன்னும் தப்பாகப் போயிற்று. பாய் மாமா போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, “மச்சான், கவரிங்கத் தங்கம்னு நெனைக்கிற பொண்ணு. உன் ரூமுக்குள்ள வந்தா உன் பெட்டியெல்லாம் பழைய இரும்புக்காரன்ட்ட போட்ருவா” என்றார்.

டீ கொண்டுவந்த அம்மா தட்டை ணங்கென்று வைத்தாள். “உங்க மூணு பேரு காதையும் அறுத்து ஊறுகா போட்டாதான் இந்த வீட்டுல கல்யாணம் நடக்கும்.” பாய் மாமா டீயைக் கூட ஆற்றாமல் குடித்தார்.

அம்மாவின் கவலை எனக்கு ஓரளவு தெரியும். மாமாவுக்கு முப்பத்திநாலு வயது. தாய் தகப்பன் இல்லை. தம்பியைக் கரையேற்றாமல் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. இதுவும் போனால் இனி தரகர் நம் தெருப் பக்கம் வரமாட்டார் என்று சாமி படத்தின் முன்னால் சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகைக்குத்தான் மாமா சிதம்பரம் வரச் சம்மதித்தார்.

போன உடனே பெண் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் நடராஜர் தரிசனம். திரை விலகித் தீபாராதனை காட்டும்போது அம்மா மாமாவின் கையைப் பிடித்தாள். “எதிர்ல நிக்கிறது ஆருன்னு பாத்துக்க. ஹெட்போனப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு.” மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அம்மாவுக்கு அதிலும் முழு நம்பிக்கை இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மாமா பக்கத்துலயே உக்காந்துக்க. பேச ஆரம்பிச்சா தொடையில கிள்ளு” என்றாள். நான் நகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

பெண் வீடு மேலவீதிப் பக்கம் ஒரு சந்தில். அப்பாவுக்குப் பாத்திரக்கடை, அண்ணன் சிங்கப்பூரில். கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. பெண் வந்து கும்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா அவளுக்கு இடது பக்கம், நான் மாமாவுக்குப் பக்கத்தில்.

மாமா மெதுவாக, “என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, “கடைக்கெல்லாம் போவீங்களா?” என்றார். அதற்கும் இல்லை. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. திமிர் பிடித்த பெண் என்று நினைத்துக்கொண்டாளாம், பிறகு சொன்னாள்.

பெண்ணின் அப்பா அவசரமாக உள்ளே புகுந்தார். “பி.காம் படிச்சிருக்குங்க. கடக் கணக்கு மொத்தம் அதுதான் பாக்குது. கூச்சம் ஜாஸ்தி.” பேச்சை மாற்றுகிறவர்போல, “மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசுருன்னு தரகர் சொன்னாரு. எம்புள்ள தங்கச்சிக்கு ஒண்ணு அனுப்பியிருக்கான், அதக் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று எழுந்துபோனார். திரும்பி வரும்போது கையில் அந்தச் சிவப்பு ஹெட்போன், ஒயரோடு பெண்ணின் டச் போன்.

“அப்பா, அது வேணாம்ப்பா” என்று பெண் பாதி எழுந்துவிட்டாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. சரியான கஞ்சப் பெண், தன் பொருளை அடுத்தவர் தொடக் கூடாது என்கிறாள் என்று நான் நினைத்தேன்.

மாமா ஹெட்போனைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிவிட்டாள், உதடு மட்டும் அசைந்தது. நான் விரலைத் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தயாராக வைத்தேன். மாமா மாட்டிக்கொண்டார். பாட்டு ஓடியது. வழக்கமாக இப்படிப்பட்டதை மாட்டினால் மூன்று விநாடியில் மூக்கைச் சுளிப்பார். மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

மாமா மூக்கைச் சுளிக்கவில்லை. ஒயரைப் பிடுங்கி வேட்டி முனையில் துடைத்து மறுபடி சொருகினார். இடது காதின் மேல் தட்டிப் பார்த்தார். போனை வாங்கி எதையோ திறந்து, விரலை நகர்த்தப் போனவர் நகர்த்தாமலே நின்றுவிட்டார். பெண்ணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி, விரலே வெளுத்துப்போயிருந்தது.

போனை இருந்தபடியே மூடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டை முழுக்கக் கேட்டார் மாமா. சபையில் யாரும் பஜ்ஜியைக் கூடக் கடிக்கவில்லை.

கழற்றிவிட்டுச் சொன்னார்: “நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிள்ளுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. ஹெட்போனைப் பற்றி வாயைத் திறந்தது சத்தியத்தை மீறின பாவம். திறந்த வாயால் சொன்னது பொய், அது தனிப் பாவம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் கூத்தபிரான் எதிரே கன்னத்தில் போட்டுக்கொண்டவர். பொதுவாக இருக்கட்டும் என்று லேசாகக் கிள்ளிவைத்தேன். மாமா கண்டுகொள்ளவில்லை. ஃபேன் காற்று முகத்தில் அடிக்கிறது என்று சொல்லி நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் பெண்ணுக்கு வலது பக்கம் போட்டுக்கொண்டார். ஃபேன் நடு உத்தரத்தில்தான் இருந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அதே காற்றுதான்.

அங்கிருந்து முன்னைப்போலவே மெதுவாகக் கேட்டார். “இந்தப் பாட்டு அடிக்கடி கேப்பீங்களோ?”

“தெனம் கேப்பேங்க” என்றாள் பெண். நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் தண்ணீர். மிளகாய் பஜ்ஜி அவளுக்கும் காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனசு ஆறவில்லை. “மாமா, ஏன் பொய் சொன்ன?” என்றேன். “வாய மூடிக்கிட்டு வாடி” என்றாள் அம்மா, சிரித்த முகமாக. புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது மாமா எனக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் நான் மாடிக்குப் போய்க் கூட்டாளிகளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். தாலுக்கா ஆபீஸ் மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். “பொண்ணு மூஞ்சியப் பாத்ததும் காது அடைச்சிருச்சு இவனுக்கு” என்றார் பாய் மாமா. “நாளைக்கு இவனும் ஒரு செவப்பு மாட்டிக்கிட்டு வருவான் பாரு.” மாமா ஒயரைச் சுற்றிக்கொண்டே, “அந்த ஹெட்போனப் பத்தி இனிமே இந்த ரூம்ல பேச வேணாம்” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பிறகு பாய் மாமாதான், “சரி மச்சான், வீட்டுக்காரி கட்சில சேந்துட்ட, நல்லா இரு” என்று சிரித்து முடித்து வைத்தார்.

பல வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், அரிசி புடைத்துக்கொண்டே அத்தை அன்றைக்கு நடந்ததை எனக்குச் சொன்னாள். அந்தப் பெண்தான் அத்தை. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டதாம். தாலி ஏறும்வரை மூச்சு விடக் கூடாது என்று அவள் அப்பா கட்டளை. கட்டிக்கொள்ளப் போகிறவரை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஹெட்போனில் இடது பக்கம் அவளுக்குப் பயன்படாமல் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இரையும் என்பதால், போனில் இடது பக்கத்தை மூடி, வலது பக்கத்துச் சத்தம் மட்டும் வரும்படி தள்ளி வைத்திருந்தாள். மாமா மாட்டியதும் ஒரு காதில் ஒன்றும் வரவில்லை. ஒயர் கோளாறு என்று பார்த்திருக்கிறார், இல்லை. போனைத் திறந்தால் வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. இடது பக்கமிருந்து கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வராததையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். மீதியை அவருக்கு யார் சொல்ல வேண்டும்?

அம்மாவிடம் மாமா அந்த வாரமே சொல்லிவிட்டாராம். “ஒரு காதுதான? உன் ரெண்டு காத வெச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு போதாதா” என்றாளாம் அம்மா. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா ஒரு சின்ன ஒயர் செய்து, இரண்டு பக்கத்து வாத்தியமும் ஒன்றாகி வலது காதுக்கே வரும்படி ஒட்டிக் கொடுத்தார். அதைக் கேட்ட அன்று அத்தை, “அப்ப இத்தன வருஷம் நான் பாதிப் பாட்டுதான் கேட்டனா?” என்று வாய்விட்டுச் சிரித்தாளாம். இன்றைக்கும் மாமா அந்தச் சிவப்பு ஹெட்போனை டப்பா என்றுதான் சொல்வார். “டப்பாதான், எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த டப்பா” என்பாள் அத்தை. அன்றைக்கு ஏன் நல்லா இருக்கு என்றீர்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். “நான் ஹெட்போனையா சொன்னேன்?” என்றாராம் மாமா.

இது ஒன்றும் தெரியாத பத்து வயதுக்காரியாக, கல்யாணத்தன்று நான் மணவறைக்குப் பின்னால் அட்சதைத் தட்டோடு நின்றிருந்தேன். தாலி கட்டும்வரை பெண் மாமாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். மாமா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாலி ஏறியதும், பெண்ணை இடம் மாற்றி உட்கார வையுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் எழுந்து சுற்றி வந்து மாமாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அதற்கே காத்திருந்தவர்போல் மாமா குனிந்து அவள் வலது காதில் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.

“அந்த செவப்பு ஹெட்போன் பெட்டியில வெச்சாச்சா? மறந்துடாத.”

பெண் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சத்தியத்தை மீறியாயிற்று, பொய் சொல்லியாயிற்று, இப்போது தாலி கட்டின கையோடு சிங்கப்பூர்ச் சாமானுக்கு ஆசைப்படுகிறாரே என்று. மண்டப வாசலில் இருந்த பிள்ளையாரிடம் ஓடினேன். மாமாவின் மூன்று பாவத்துக்கும் சேர்த்து அறுபத்துமூன்று தோப்புக்கரணம் என்று நேர்ந்துகொண்டு போட ஆரம்பித்தேன். பத்தொன்பதோ இருபதோ எண்ணும்போது பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பாயசம் தீர்ந்துவிடும் என்ற பயத்தில், மாமாவை மன்னித்துவிடு, மிச்சத்தை நாளைக்குப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு பிள்ளையார் எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை.