இரும்பை எடுத்த அம்மா

என் மகள் எழுதிய பேய்க்கதையை முதலில் வாசித்தது நான்தான். வாசித்தேன் என்பதை விடத் திருத்தினேன் என்பதே சரி.

அவளுக்குப் பதினாறு வயது. மல்வேர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள நூலகத்தில் இளையோர் எழுத்துக் குழுவில் சேர்ந்திருந்தாள். கடைசி நாளன்று பெற்றோருக்கு முன்னால் ஒவ்வொருவரும் தம் கதையை வாசிக்க வேண்டும். அவளுடைய கதை, அயர்லாந்தின் பழைய ஆட்கள் நம்பிய ஒரு சனத்தைப் பற்றியது. மண்மேடுகளுக்குள் வாழ்கிறவர்கள், மிக அழகானவர்கள். கோபித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஊரார் அவர்களை ‘நல்ல சனம்’ என்றே சொல்வார்களாம். அவர்கள் மனிதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அதே முகத்தோடு தங்களில் ஒன்றைக் கட்டிலில் விட்டுவிடுவார்கள். இரும்பு பட்டால் அதற்குச் சுடும். அந்த மேட்டை என் மகள் எங்கள் ஊரில் ஓடும் றூஜ் ஆற்றுப் பக்கத்துக் காட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

“எங்கடை ஆக்களும் பிள்ளைப்பெத்த வீட்டிலை இரும்பு வைக்கிறவை,” என்றேன். “உன்ரை தொட்டிலுக்குக் கீழையும் பாக்குவெட்டி வைச்சனான்.”

“சீரியஸ்லி? அம்மா, அது செம கூல்!”

பாக்குவெட்டி கதைக்குள் போய்விட்டது. ஆங்கிலக் கதையில் அந்தச் சொல்லை மட்டும் தமிழில் விட்டிருந்தாள். மகள் மாறிவிட்டாள் என்று சந்தேகிக்கும் அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைக்கிறாள். மகளின் இடத்தில் வந்திருந்தது கத்திக்கொண்டு யன்னலால் ஓடுகிறது. உண்மையான மகள் மேட்டிலிருந்து திரும்பி வருகிறாள்.

அச்செடுத்த தாள்களைத் தந்து, நான் முடிக்கும்வரை எதிரிலேயே இருந்தாள்.

“பயமா இருந்ததோ?”

“மூண்டாம் பக்கத்திலை கொமா விட்டிட்டாய். கடைசிப் பக்கத்திலை ஓரம் சரியில்லை.”

“அது சரி. கதை?”

“கதை இருக்கட்டும், பாடமாக்கு. பேப்பரைப் பாத்து வாசிச்சா மதிக்க மாட்டினம்.”

சின்ன வயதில் அவளைத் தமிழ்ப் பேச்சுப்போட்டிகளுக்கு அனுப்பிய காலத்துப் பழக்கம் அது. பிள்ளைகள் மேடையில் நிற்பார்கள். அம்மாமார் நாங்கள் முன்வரிசையில் இருந்து உதடசைப்போம். பிள்ளை தடக்கினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்போம். எல்லா அம்மாமாரும் அப்படித்தான். இந்தக் கதையையும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லவைத்தேன். ஒரு நாள் மாட்டேன் என்றாள்.

“பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார். ஒரு சொல்லுச் சொல்லத் தேவையில்லை. அப்பிடி ஒண்டு எனக்கு வாய்க்கேல்லை,” என்றேன்.

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு மேலே போனாள். பிறகு எனக்குக் காட்டவில்லை. நானும் பாடமாகிவிட்டது என்று நினைத்தேன்.

வாசிப்பு நாளுக்குச் சேலை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். மற்றப் பெற்றோர் ஜீன்ஸும் ரீசேர்ட்டுமாக இருந்தார்கள். நாங்கள் முன்வரிசை.

நன்றாக வாசித்தாள். மேட்டின் கதவு திறக்கும் இடத்தில் எங்களுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்தார்கள். அம்மா பாக்குவெட்டியைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். அந்த இடத்தில் மகள் நிறுத்தினாள்.

தடக்கிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வரியை, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தேன்: அது கத்திக்கொண்டு யன்னலால் ஓடியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

“இல்லையம்மா. நான் மாத்திப்போட்டன்,” என்றாள் மகள். மெல்லத்தான் சொன்னாள், மைக் அதைப் பெரிதாக்கியது.

தொடர்ந்து வாசித்தாள். கட்டிலில் கிடந்தது ஓடவில்லை. இரும்பு சுட்டுக் கொப்பளித்த கன்னத்தோடு அம்மாவிடம் கெஞ்சியது. ‘எழுப்ப முதல் எழும்புவேன். எதிர்த்துக் கதைக்க மாட்டேன். எல்லாவற்றையும் பாடமாக்குவேன்.’ அம்மா, அது மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தாள். பாக்குவெட்டியை எடுத்து, துணியில் சுற்றி, மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். அப்போது காட்டுப் பக்கமிருந்து வந்து யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள். அம்மா லைட்டை நிறுத்தினாள்.

கதை அவ்வளவுதான். கைதட்டல் பலமாக இருந்தது. என் கைகள் மட்டும் பிந்தித்தான் எழும்பின.

“பிள்ளை நல்லா எழுதியிருக்கிறா அக்கா,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “ஆனா உந்த அம்மா என்ன மனுசியப்பா! பெத்தவள் செய்யிற வேலையே?”

“கதைதானே,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வேறு அலுவலாகப் போய்விட்டதால், திரும்பும்போது காரில் நாங்கள் இருவர்தான்.

“அது பேச்சுப்போட்டி இல்லையம்மா.”

“ஓம்.”

“எல்லாரும் பாத்தவை.”

“ஓம், பிள்ளை. பிழைதான்.” ஃபின்ச் வீதிக்குத் திரும்பிய பிறகு கேட்டேன்: “கதவைத் தட்டினது உண்மையான பிள்ளையோ?”

“பின்னை?”

“பிறகு என்ன நடந்தது?”

“தெரியாது. அதுக்குப் பிறகு எழுதேல்லை.” வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: “நீங்கள் எண்டா திறப்பீங்களோ?”

திறக்காமல் என்ன என்று அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். நான் அந்த மற்றப் பிள்ளையை, எழுப்ப முதல் எழும்புகிறவளை, நினைத்துக்கொண்டிருந்தேன். பச்சை விழுந்ததையும் காணவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

“திறப்பன்,” என்றேன்.

“வாவ், அம்மா. யோசிச்சனீங்கள்!” என்று சிரித்தாள். பகிடி போலத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.