சொப்பிங் பாக் கதை

நான் ஒரு மனிதனைச் சித்திரவதை செய்தேன்.

கையால் அடிக்கவில்லை. கட்டிப் போடவில்லை. ஒரு பகிடி விட்டேன், பிறகு ஒரு திருத்தம் சொன்னேன். அவ்வளவுதான்... அவ்வளவுதான் என்று எழுதும்போதே என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது. உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். ஏனென்று போகப் போகத் தெரியும்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறேன். ஆனால் ஊரில் எனக்குப் பெயர் வாயால்தான். கலியாண வீடென்றால் சமையல்காரருக்கு முதல் எனக்குச் சொல்லிவிடுவார்கள். செத்த வீட்டிலும் பின்வரிசைக் கதிரைகளில் என்னைச் சுற்றித்தான் ஆட்கள். வழுக்கைத் தலை, முன்னுக்குப் போகிற வயிறு, தாரா நடை. ஆண்டவன் ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் என்னை இறக்கி விட்டிருக்கிறான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்கிறது.

என் கதைகளில் ஊர் திரும்பத் திரும்பக் கேட்பது சொப்பிங் பாக் கதை.

இளம் வயதில் என்னை ஓரிடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். பெற்றோல் தெளித்த பிளாஸ்டிக் சொப்பிங் பாக்கைத் தலையில் மாட்டி, கழுத்தில் இறுக்கிப் பிடித்து, பெயர் கேட்டார்கள். கொண்டுபோனது யார் என்று கேட்காதீர்கள். சொன்னால் உங்களில் பாதிப் பேர், "ஓம், அவங்கள் செய்யக்கூடிய ஆக்கள்தான்" என்பீர்கள். மற்றப் பாதி, "சும்மாவே பிடிச்சிருப்பாங்கள்?" என்பீர்கள். பாக்குக்குள் மூச்சு முட்டுகிறவனுக்கு வெளியே நிற்பவன் எந்தப் பக்கம் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இதை நான் கலியாணப் பந்தலில் எப்படிச் சொல்வேன் தெரியுமா?

"அப்ப பெற்றோல் மலிவு. அதால எனக்குத் தாராளமாத் தெளிச்சவங்கள். இப்ப எண்டால் முதல்ல கியூஆரைக் காட்டு எண்டிருப்பாங்கள்."

தட்டுப்பாட்டு நாளில் கியூஆர் காட்டிப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற பந்தல் சிரிக்கும்.

"பேர் சொல்லு, பேர் சொல்லு எண்டாங்கள். வாயில வந்தது எங்கட எருதின்ர பேர். சிவலையன் எண்டு சொல்லிப்போட்டன். கன நாளாத் தேடித் திரிஞ்சவங்கள். அது எங்கட பட்டியில நிண்டு வைக்கல் திண்டுகொண்டு நிக்குது."

பந்தல் உருண்டு சிரிக்கும். நான் உண்மையில் சொன்னது எருதின் பெயர் அல்ல. பக்கத்து வளவில் இருந்த, ஒன்றும் அறியாத ஒருவனின் பெயர். பாக் கழன்றால் போதும் என்று வாயில் வந்த பெயர். அவனையும் கொண்டுபோய் அடித்துத்தான் விட்டார்கள். யார் சொன்னது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. சிவலையன் கதைக்கு அவனும் சிரிப்பான்.

முகம் மூடுகிற ஹெல்மெற்றை என்னால் இன்றும் போட முடியாது. பொலிஸ் தண்டம் எழுதினால், "சேர், இந்த வடிவான முகத்தை மூடினால் சனம் ஏமாந்துபோகும்" என்பேன். அவர்களும் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள்.

ஒருமுறை எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டம். மனித உரிமை பற்றி விளங்கப்படுத்த ஒரு பிள்ளை வந்திருந்தாள். "எந்தக் காரணத்துக்காக எண்டாலும், ஒரு மனுசனைச் சித்திரவதை செய்யிறது சரியெண்டு நினைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றாள். மண்டபத்தில் ஒரு கை உயரவில்லை. நாங்கள் பட்ட சனம் அல்லவா. "பிழையெண்டு நினைக்கிற ஆக்கள்?" என்றாள். எல்லாக் கையும் உயர்ந்தது. நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"கைக்கு ஒண்டெண்டால் எனக்கு ரெண்டு சாப்பாட்டுப் பார்சல், தங்கச்சி."

அவளும் சிரித்துவிட்டாள்.

கொஞ்சக் காலம் கழித்து, அதே மண்டபம். அதே நீலக் கதிரைகள். சிறுபோக நெல், கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்தில் நிற்கிறது. கடைசி வாய்க்காலில் இராசாத்தி அக்காவின் வயல். அங்கே வாய்க்கால் தண்ணீர் ஏறாது, இறைப்பு மிசினைத்தான் நம்ப வேண்டும். ஒருநாள் காலையில் அவா வயலுக்குப் போனபோது மிசின் இல்லை. அதற்கு முதலும் ஊரில் மிசின்கள் களவு போயிருந்தன. முறைப்பாடு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் கிழமையே பயிர் கருகிவிடும். அவாவின் தவிப்பு பொய் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்று விடிய அந்தப் பக்கத்தால் போனவன் மரியதாஸ். முல்லைத்தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் கொண்டுவருபவன். வெளியூர் ஆள், வேதக்காரன், எல்லா வீட்டுப் படலையும் தெரிந்தவன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மத்தியானம் அவனை மண்டபத்துக்குள் இருத்தி, கையை ஒரு பழைய சாரத் துணியால் கதிரையோடு கட்டியிருந்தார்கள்.

"மாதாவாணை நான் எடுக்கேல்ல அண்ணை. மீன் விக்க வந்தனான்."

"உன்ர மீன் பெட்டிக்குள்ள மிசின் வடிவாக் கிடக்கும்" என்றான் சுதன். இராசாத்தி அக்காவின் தம்பி மகன், கம்பஸில் பட்டம் முடித்தவன். மனித உரிமைக் கூட்டத்தில் பிழையென்று முதலாவதாகக் கை உயர்த்தியவனும் அவன்தான்.

"பொலிஸிட்டக் குடுங்கோவன்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

இராசாத்தி அக்கா விடவில்லை. "குடுத்து? எங்கட பிள்ளையளை ஒண்டுமில்லாததுக்கெல்லாம் போட்டு அடிச்சவங்கள். இவன் கள்ளன். கள்ளனுக்கு ரெண்டு போட்டால் என்ன, உலகம் அழிஞ்சிடுமே?"

எல்லாத் தலையும் ஆடியது. எங்களுக்குச் செய்தால் சித்திரவதை. நாங்கள் செய்தால் விசாரணை.

அப்போதுதான் சுதன் என் பக்கம் திரும்பினான். "அண்ணை, உங்கட சொப்பிங் பாக் கதையைச் செய்து பாப்பமே?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எத்தனை பந்தலில் சொல்லியிருப்பேன். இவர்கள் சின்னப் பொடியளாக மடியில் இருந்து கேட்ட கதை. சிரிக்கச் சிரிக்க நான் படிப்பித்திருக்கிறேன். ஒருவருக்கும் பயமில்லை, ஏனென்றால் அது பகிடி. நான்தான் அதைப் பகிடியாக்கி, முள்ளெடுத்து ஊட்டியிருக்கிறேன்.

பாக்கை மரியதாஸின் மோட்டார் சைக்கிளில் இருந்தே எடுத்தார்கள். மீன் போட்டுக் கொடுக்கிற பாக். பெற்றோலையும் அதிலிருந்தே இறக்கினார்கள்.

நான் வாய் திறந்தேன். நிறுத்து என்று சொல்லத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். வந்தது இது:

"கியூஆர் இருக்கோடா?"

மறுபடியும் சிரிப்பு. பாக்கை மாட்டினார்கள். சுதன் அதன் காதுகளைக் கழுத்தில் முடியப் போனான். அப்போது நான் சொன்னேன்:

"டேய், முடிச்சுப் போடாத. கையால பிடி."

அமைதியாக, கனிவாகச் சொன்னேன். அந்தக் குரலை எனக்குத் தெரியும். என்னைப் பிடித்து வைத்திருந்த இடத்திலும் ஒருவன் அப்படித்தான் சொன்னான். கத்தியவர்களை மறந்துவிட்டேன். அந்தக் கனிவான குரலைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை... அன்று அது என் தொண்டையிலிருந்து வந்தது.

பாக்குக்குள்ளிருந்து மரியதாஸ் ஒப்புக்கொண்டான். ஓம், நான்தான் எடுத்தனான். கனகராயன்குளத்தில், ரோட்டோரத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றனான். சுதன் ஆட்கள் பறந்துபோய்ப் பார்த்தார்கள். அப்படி ஒரு கடை அங்கே இல்லை. எனக்கு அது முதலே தெரியும். கடையும், பாக் கழன்றால் போதும் என்று வாயில் வந்த ஒரு சிவலையன்தான். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

கடைசியில் இராசாத்தி அக்காதான், "காணும், விடுங்கோ" என்றா. பெட்டி மீன் வெயிலில் பழுதாகிக் கிடந்தது. மரியதாஸ் பைப்பில் முகம் கழுவிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். இயங்கவில்லை. பெற்றோல்தான் இல்லையே. தள்ளிக்கொண்டு போனான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு போத்தல் பெற்றோல் கொடுக்க ஒருவருக்கும் கை வரவில்லை.

முடிச்சுப் போட்டால் செத்துப்போவான், அவன் உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று வீட்டில் மனுசியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"கையால பிடி எண்டு சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு, கழட்டு எண்டு சொல்லத் தெரியேல்லையோ?"

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரமும் உங்கள் மனதுக்குள் ஒரு கேள்வி கிடக்கிறது. மிசினை எடுத்தது அவனா, இல்லையா?

எனக்குப் பதில் தெரியும். பிறகு தெரியவந்தது. சொல்ல மாட்டேன். இல்லை என்றால், "ஐயோ பாவம்" என்பீர்கள். ஓம் என்றால் கதிரையில் கொஞ்சம் சாய்ந்து இருப்பீர்கள். அந்தச் சாய்வைக் கண்டால்தான் எனக்கு விசர் வருகிறது. என்னைக் கொண்டுபோனபோதும் ஊர் இதைத்தான் கேட்டது. "இவன் என்ன செய்தவனாம்?" எங்கள் எல்லாருடைய கையும் உயர்ந்துதான் இருக்கிறது. எந்தக் கழுத்தைச் சுற்றிப் பிடிப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

மரியதாஸ் கொஞ்சக் காலம் வரவில்லை. பிறகு வந்தான். பிழைக்க வேண்டுமே. படலைகளில் அதே ஹோர்ன் சத்தம், அதே பெட்டி. ஒன்றுதான் மாற்றம். மீனுக்குச் சொப்பிங் பாக் கொடுப்பதில்லை. சட்டி கொண்டுவரச் சொல்கிறான். "சூழலைப் பாதுகாக்கிற மீன்காரன்" என்று சுதன் சொல்ல, ஊரே சிரிக்கிறது. அந்தப் பகிடி என்னுடையது இல்லை. ஆனால் என் பள்ளிக்கூடம்தான்.

போன கிழமை மனுசி கிளிநொச்சிக்குப் போயிருந்தாள். ஹோர்ன் கேட்டது. நான் சட்டியோடு படலைக்குப் போக வேண்டியதாயிற்று. அவன் என் முகத்தைப் பார்க்காமல் மீனை நிறுத்தான்.

"தம்பி... அண்டைக்கு..." என்றேன்.

"கலியாண வீடுகளில இப்பவும் அந்தக் கதை சொல்லுறனீங்களாம்?"

நான் சட்டியை நீட்டினேன்.

"நானும் இப்ப அதுக்குள்ள வாறனோ அண்ணை?"

"இல்லை... இல்லை."

மீனைச் சட்டிக்குள் போட்டான். கையைத் துடைத்தான். "அடுத்தமுறை சொல்லேக்க எனக்கும் ஒருக்காச் சொல்லி அனுப்புங்கோ. எந்த இடத்தில சிரிக்கிறதெண்டு பாப்பம்."

போய்விட்டான். அடுத்த படலையில் ஹோர்ன் கேட்டது.

ஆவணியில் சுதனுக்குக் கலியாணம். எனக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறான்.

சட்டியைப் பிடித்தபடி நின்றேனே, அப்போது மரியதாஸுக்குப் பதில் சொல்ல என் வாய்க்குள் ஒரு பகிடி வந்தது. உண்மையாகவே வந்தது. நல்ல பகிடி, பந்தல் உருளும். விழுங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். அது இன்னும் வாய்க்குள்தான் கிடக்கிறது.