படகோட்டி மகளின் திருமணப் பதிவு

இருந்த ஒன்றை இல்லை என்று சொன்னேன்.

என் குற்றம் அவ்வளவுதான். எதையும் திருடவில்லை, கிழிக்கவில்லை, யார்மீதும் கை ஓங்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால், நோயில் தளர்ந்திருந்த ஒரு முதியவரின் நெஞ்சில் தீராத அவமானத்தை ஏற்றி வைத்தேன். அவருடைய மகள் என் உயிர்த்தோழி. அவள் இன்றும் என்னை நம்புகிறாள்...

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் சூட்ட எனக்கு மனமில்லை.

என் பெயர் அடைக்கலமேரி. மயிலாப்பூரில், கடற்கரையை ஒட்டிய ஒரு கன்னியர் மடத்தின் வாசலில் யாரோ என்னை விட்டுவிட்டுப் போனார்கள். மடத்தார் கண்டெடுத்த நாளே என் பிறந்த நாள். அவர்கள் வைத்ததே என் பெயர். வளர்த்தார்கள், படிக்க வைத்தார்கள், கொஞ்சம் இலத்தீனும் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பங்குக் கோயிலின் அலுவலகத்தில் எழுத்து வேலையும் வாங்கித் தந்தார்கள்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். மனிதர்கள் வந்ததும் சேர்ந்ததும் போனதும் என் கையால் ஏட்டில் ஏறின.

என் ஞானஸ்நானப் பதிவும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. அதை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன்! தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு. தாய் பெயர் எழுத வேண்டிய இடத்தில் இன்னொரு கோடு. எழுதிய சாமியார் கோட்டை நேராகப் போடக்கூட மெனக்கெடவில்லை.

இனி ஐலீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐலீன் மக்ரே என்னோடு மடத்துப் பள்ளியில் படித்தவள். ஆங்கிலோ இந்தியக் குடும்பம்; ஊரார் வாயில் சட்டைக்காரப் பெண். தாய் இல்லை, தந்தை ராபர்ட் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். ஐலீன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் நான் அங்கே போய்விடுவேன். கிழவர் எனக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்திருப்பார். என்னை அன்பாக நடத்தினார்... இதை நான் மறைக்கக் கூடாது.

யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் போய்விடுவான் என்று எல்லோரும் பேசினார்கள். ஐலீனின் உறவினர்களும் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ராபர்ட் அங்கிளுக்குத் தம் வேரைத் தேடும் வேகம் பிறந்தது.

அவருடைய தாத்தா அலெக்ஸாண்டர், ஸ்காட்லாந்தில் டண்டீ என்ற ஊரிலிருந்து வந்த கப்பல் தச்சர். இவ்வளவுதான் அங்கிளுக்குத் தெரியும். அந்த ஊர்ச் சாமியாருக்குக் கடிதம் எழுதினார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அலெக்ஸாண்டரின் ஞானஸ்நானம் அங்கே பதிவாகியிருந்தது. பெற்றோர் பெயரும், அவர்களுடைய பெற்றோர் பெயரும் இருந்தன. ஜேம்ஸ் என்றொரு தம்பி நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தான் என்றும், அவன் சந்ததியார் டனீடன் என்ற ஊரில் இருக்கிறார்கள் என்றும் முகவரியோடு எழுதியிருந்தார்.

ஜேம்ஸின் பேத்தி ஜீன், மணமாகாத ஒரு மூதாட்டி. அங்கிளின் கடிதம் கண்டு அவள் எழுதிய பதிலை ஐலீன் எனக்குப் படித்துக் காட்டினாள். கடிதத்தோடு போன புகைப்படத்தில் ஐலீனின் முகவாயைப் பார்த்ததும் தன் அத்தையே வந்து நின்றது போல இருந்ததாம்! ஐலீன் கண்ணாடி முன் நின்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் நகர்ந்த பிறகு அதே கண்ணாடியில் நான் என் முகவாயைப் பார்த்தேன். இது யாருடையது? யாரைக் கேட்பேன்?

அங்கிள் பெரிய காகிதமொன்றில் வம்ச மரம் வரைந்தார். மேலே டண்டீக்காரர்கள், ஒரு கிளை நியூசிலாந்துக்கு, ஒரு கிளை சென்னைக்கு. வாரந்தோறும் ஒரு பெயராவது கூடியது. கொத்தன், நெசவாளி, கடலில் மூழ்கியவன், குடித்தே செத்தவன்... செத்துப்போன அத்தனை பேரும் அந்தச் சின்ன வீட்டில் வந்து நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒருநாள் ஐலீன் சலித்துக்கொண்டாள்: "இத்தினி பேரை வெச்சிக்கினு இன்னா பண்றது மேரி? எனக்கு இருக்கிறதே போதும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ நாக்கு கசந்தது. விருந்துண்டு ஏப்பம் விடுபவன் எதிரில் பசித்தவன் உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது.

அதன்பின் ஜீனிடமிருந்து ஒரு சங்கடமான கடிதம் வந்தது. இருவரையும் தன்னிடம் அழைத்துக்கொள்ள அவளுக்கு ஆசை. ஆனால் வீட்டில் பாதி உரிமை அவளுடைய அண்ணனுக்கு. 'அலெக்ஸாண்டர் இந்தியாவில் திருமணமே செய்துகொள்ளவில்லை, ஒரு சுதேசிப் பெண்ணை வைத்துக்கொண்டிருந்தான். அவர்களெல்லாம் நம் குடும்பமே அல்ல' என்று அவர் பிடிவாதம் பிடித்தார். திருமணத்துக்குச் சான்று இருந்தால் அனுப்பு, அவர் வாயை அடைக்கிறேன் என்று ஜீன் எழுதியிருந்தாள்.

அங்கிள் முகம் சிவந்துவிட்டது. தம் பாட்டி தமிழச்சி என்பதை அவர் என்றுமே மறைத்ததில்லை. பெயர் ஞானம்மாள் என்று அவர் தந்தை சொல்லியிருந்தார்.

"என் பாட்டி வைப்பாட்டி இல்லம்மா. கோயில்ல வெச்சு மோதிரம் மாத்தினவ. நீதான் பாத்து எடுத்துக் குடுக்கணும்" என்றார் என்னிடம்.

ஸ்காட்லாந்துக்காரர்களின் கோயில் ஏடுகளில் அந்தத் திருமணம் இல்லையென்று முன்பே தெரிந்திருந்தது. பெண் கத்தோலிக்கச்சி என்றால் எங்கள் கோயிலில்தான் நடந்திருக்க வேண்டும்.

யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு விழுமென்று சென்னை காலியானபோது எங்கள் பழைய ஏடுகளைப் பெட்டிகளில் அடைத்து வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள். வரிசை குலைந்து, கட்டு விட்டுத் திரும்பி வந்திருந்தன. இலத்தீனும் போர்த்துகீசும் கலந்த அந்தக் கையெழுத்தைப் படிக்கக் கூடியவள் நான் ஒருத்திதான். பங்குச் சாமியாருக்குக் கண்ணில் புரை; நான் நீட்டுவதில் கையெழுத்திடுவார்.

ஆகவே கேட்க ஆளில்லை. கவனியுங்கள், அந்த மேசையில் நான்தான் கடவுள்!

மூன்று சனிக்கிழமை தேடினோம். ஐலீன் எதிரே உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருப்பாள். நான் விரலை வைத்து வரி வரியாகப் போவேன். உண்மையாகத்தான் தேடினேன், அதை மட்டுமாவது நம்புங்கள். கண்டுபிடித்துக் கொடுத்து, அங்கிள் என் தலையில் கை வைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை பிற்பகல் அது கிடைத்தது.

மக்ரே என்ற பெயரைப் போர்த்துகீசுச் சாமியார் தம் காதில் விழுந்தபடி 'மகராய்' என்று எழுதியிருந்தார். அதனால் வேறு யார் பார்த்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். ஆனால் தொழில் கப்பல் தச்சன். ஊர் ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ. சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாய் திறந்துவிட்டேன்... சொல்லத்தான் திறந்தேன்.

அடுத்த வரியைப் படிக்காமல் இருந்திருந்தால்!

மணமகள் ஞானம்மாள். 'இவ்வூர்ப் படகோட்டி சவரிமுத்துவுக்கும் அவன் மனைவி அந்தோணியம்மாளுக்கும் முறைப்படி பிறந்த மகள்.'

ஸ்காட்லாந்துக்காரருக்கு ஏழு தலைமுறை இருந்ததை நான் பொறுத்துக்கொண்டேன். அவர்கள் வேறு தேசத்தார், வெள்ளையர். ஆனால் இவள்? இதே மயிலாப்பூர் மணலில் நடந்தவள், என்னைப் போல் கறுத்தவள், படகோட்டியின் மகள்... அவளுக்கும் அப்பன் பெயர் இருந்தது. அம்மாள் பெயர் இருந்தது. முறைப்படி பிறந்த மகள்! அதுவும் ஐலீனுக்குத்தானா? கடலுக்கு அந்தப் பக்கமும் அவளுக்கு, இந்தப் பக்கமும் அவளுக்கா?

என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது. ஐலீன் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அங்கியே நின்னுட்ட? யாரு இது?"

"யாரோ போர்த்துகீசுக்காரன். உங்க ஆள் இல்ல."

"சரி, திருப்பு."

திருப்பினேன்.

ஒரு பக்கத்தைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்? அந்த அளவு நேரத்தில்தான் நான் இப்போது இருக்கும் இந்தப் பெண் ஆனேன்.

'தேடப்பட்டது, அத்தகைய பதிவு எதுவும் காணப்படவில்லை' என்று நானே தட்டச்சு செய்தேன். சாமியார் கையெழுத்திட்டார். மறுநாள் மாம்பலத்துக்குக் கொண்டுபோய் அங்கிளிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"நல்லா பாத்தியாம்மா?"

"மூணு தரம் பாத்தேன் அங்கிள். இல்ல."

அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகித்திருக்கலாமே... அடித்துக் கேட்டிருக்கலாமே! தலையை மட்டும் அசைத்தார். பிறகு, என் அப்பா என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார் பார், என்று மெதுவாகச் சொன்னார். மேசைமேல் விரித்திருந்த வம்ச மரத்தைச் சுருட்டி ஐலீனிடம் கொடுத்து, அடுப்பெரிக்க ஆகும் என்றார்.

அதன்பின் அவர் டனீடனுக்கு எழுதவில்லை. ஐலீன்தான் உண்மை இதுவென்று ஜீனுக்கு எழுதினாள். உண்மை! ஜீன் அன்பாகத்தான் பதில் எழுதினாள். ஆனால் அண்ணனை மீறித் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பிறகு ஒன்றும் இல்லை.

அங்கிளுக்கு ஏற்கனவே நெஞ்சு நோவு. அது முற்றியது. படுத்த படுக்கையானார். டாக்டர் வந்து பெயர் கேட்டபோது ராபர்ட் என்று மட்டும் சொன்னார். முழுப் பெயர் என்று டாக்டர் கேட்க, அவ்வளவுதான் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அருகில் நின்றிருந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லியிருக்கலாம். 'அங்கிள், மறுபடி தேடினேன், கிடைத்துவிட்டது' என்றால் போதும். பொய்யைக்கூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை! இந்த வழி அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. தினமும், நாளை, நாளை என்று தள்ளினேன். ஏன்? கிடைத்துவிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு வீடு இராது.

பாருங்கள், பொறாமை இப்போது பாசத்தின் சேலையை உடுத்திக்கொண்டுவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலையில் அவர் இறந்தார். கல்லறைக் கல்லில் ராபர்ட் என்று மட்டும் வெட்ட வேண்டும் என்று ஐலீனிடம் வாக்கு வாங்கியிருந்தார். நமக்குச் சொந்தமில்லாத பெயரைக் கல்லில் வெட்டிக்கொள்ளக் கூடாது என்றாராம். ஐலீன் அழுதுகொண்டே இருந்ததால் கல் தச்சனிடம் போனவள் நான்தான். குடும்பப் பெயர் இல்லையாம்மா என்று அவன் கேட்டான். அடக்கப் பதிவை எழுதியவளும் நான்தான்.

அடையாற்றுப் பக்கம், என்னை யாரும் அறியாத ஒரு கோயிலில், பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டேன். பிறர் உடைமை ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன் என்றேன். என்ன உடைமை என்று சொல்லவில்லை. உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, பிறகு மன்னிப்பு, என்றார் அந்தச் சாமியார். அதன்பின் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

உரியவர்களில் ஒருவர் மண்ணுக்குள் இருக்கிறார். இன்னொருத்தியிடம் கொடுக்கலாம்... கொடுத்தால் அவள் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்ததுமே அந்த ஏட்டை மறுபடி அலமாரிக்குள் தள்ளிவிடுகிறேன். கோழைத்தனம் என்பீர்கள். ஆம், கோழைத்தனம்தான்.

தந்தை போன பிறகு ஐலீன் மாம்பலத்து வீட்டை விட்டுவிட்டு மயிலாப்பூரில் என் அறைக்கு வந்துவிட்டாள். அவளைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். நாங்கள் ஒன்றாகச் சமைக்கிறோம், ஒன்றாகப் பூசைக்குப் போகிறோம். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவள் லீவு போடுகிறாள்.

சென்ற வாரம் அவளுடைய அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்து ஏதாவது நேர்ந்தால் தகவல் சொல்ல நெருங்கிய உறவினர் யார் என்று அதில் எழுத வேண்டும். இன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதை என்னிடம் காட்டினாள். அடைக்கலமேரி என்று எழுதி, உறவு என்ற இடத்தில் சகோதரி என்று எழுதியிருந்தாள்.

"உனக்கும் யாரும் இல்ல, எனக்கும் யாரும் இல்ல. அதான் எழுதிட்டேன். தப்பு இல்லியே?"

அவளுக்கு யாரும் இல்லாமல் செய்த நான் அவள் எதிரேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அழுதேன் என்று சொன்னால் நீங்கள் கொஞ்சமாவது இரங்குவீர்கள். ஆனால் இத்தனை தூரம் வந்தபின் உங்களிடமும் ஒரு பொய் எதற்கு?

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.