மூன்று துளைக்காரி

"ஏலே, நிப்பாட்டுடா வண்டிய!"

ராமுத்தாய் ஜீப்பின் தகரத்தைத் தட்டினால் குமுளி மலையில் யானைகூட இரண்டடி பின்வாங்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கூடலூரிலிருந்து கிளம்பிய ஜீப், லோயர் கேம்ப் கழிப்பறை முன்னால் நின்றாக வேண்டும். அவள் மடியில் தண்ணீர் கேன். அதில் ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம்.

"பெரியாத்துத் தண்ணி பூராம் ஒங்க வயித்துக்குள்ளதான் இருக்கு மதினி" என்பான் ஓட்டுநர் மொக்கைச்சாமி.

"அடக்கி வச்சவளுக்குத்தான்டா தெரியும். பேசாம நில்லு!"

முன்பெல்லாம் வழியில் ஒதுங்க இடமில்லை என்று இந்தப் பெண்கள் தண்ணீரையே தொடமாட்டார்கள். இடுப்பு வலித்தால் பெட்டிக்கடை வலிமாத்திரை, பால் இல்லாத ஒரு கட்டஞ்சாயா. ராமுத்தாயும் அப்படித்தான் இருந்தாள், சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று தெரியும்வரை. போன வருடம் தேனியில் மூன்று சிறு துளை போட்டு, கட்டியைத் திறந்து நீரை எடுத்தார்கள். அந்தக் கட்டி அவள் கதையில் கூடலூரில் எலுமிச்சையாகக் கிளம்பும். குமுளி ஏறுவதற்குள் பலாப்பழமாகிவிடும்.

"திரும்ப வராதுன்னு யாரும் எழுதித் தர முடியாதுன்னாக டாக்டரம்மா. தண்ணி குடிக்கணும், பிரசர் மாத்திரைய விடக்கூடாது, கடையில வலிமாத்திரை வாங்கவே கூடாது, ஸ்கேனுக்கு வரணும்னாக. நம்ம கையில உள்ளத நாம செய்யணும்ல?"

உப்பு ஆகாதென்று கருவாட்டையும் விட்டாள். கருவாட்டுக்காரர் துக்கத்தில் தாடியே வளர்த்துவிட்டார். இப்போது ஜீப்பில் எல்லோர் மடியிலும் ஒரு பாட்டில்.

இந்த வருட ஸ்கேனில் மறுபடி கட்டி தெரிந்தால் மலை வேலையே கிடையாது என்று மகன் பாண்டீஸ்வரன் கறாராகச் சொல்லியிருந்தான். ஏலக்காய் எடுப்பதில் குரங்கையும் முந்துகிறவள் அவள். வீட்டில் உட்காரச் சொன்னால் வீடு தாங்குமா?

ஸ்கேனுக்குத் தேனி கூட்டிப்போனவன் மொக்கைச்சாமிதான். வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போகும்போது ஆட்டுக்குட்டியாக ஒடுங்கிப் போனவள், கோம்பை நாய் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னாக மதினி?"

"வெட்டுன எடம், கழுவிக் கவுத்துன வட்டில் கணக்கா இருக்காம். ஒண்ணும் மொளைக்கல. காலையில வெள்ளன வண்டிய எடுத்துட்டு வா."

"அதுக்கு மொத என் இடுப்பு எந்திரிக்கணுமே" என்று அவன் சட்டைப்பையிலிருந்து வலிமாத்திரை அட்டையை எடுத்தான்.

ராமுத்தாய் அதைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகினாள். பிறகு கேனின் மூடியைத் திருகி, அவன் வாயருகே நீட்டினாள்.