ஞாயிற்றுக்கிழமைத் தங்கச்சி

தேங்காயெண்ணெய் ஊறி ஊறிக் காறிப்போன சவுரிமுடிக்கு ஒரு வாசம் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதை மறந்துவிட வேண்டும் என்று நினைக்கிற என்னாலேயே முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அது பக்கத்து வீட்டுப் பங்கஜம் அக்காவின் சவுரி. அதை என் எலிவால் சடையோடு சேர்த்து முறுக்கிக் கொண்டையாக்கி, பதிமூன்று வயதுக்காரியை இருபது வயதுக்காரியாக மாற்றினாள் அவள். அழகுக்காக இல்லை. அழகைப் பற்றி நினைக்க எங்கள் வீட்டில் அப்போது யாருக்கு நேரம் இருந்தது? ஓர் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவதற்காக.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். பிள்ளையார்பாளையத்தில் ஒற்றைத் தறி போட்ட வீடு எங்களுடையது. தறியில் "நைனா" உட்காருவார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கத்தில், சேலைக் கரைக்கு இழை ஓட்டும் கரை நாடாவைத் தள்ள அம்மா. அந்த அம்மாவுக்கு இருமல் வந்து, இருமலோடு ரத்தமும் வந்து, ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தெருவில் யாரும் நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "அந்த சீக்கு" என்பார்கள். நகை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அம்மாவின் தோடும் வெள்ளி மெட்டியும் ஒரு துணி முடிச்சாக எங்கள் தகரப் பெட்டிக்குத் திரும்பி வந்தன.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா பார்க்கப் போவார். நானும் ஐந்து வயதுத் தங்கை சாந்தாவும் கூடவே போவோம், கேட் வரைக்கும். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. நான் பதினைந்துதான் என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். வாட்ச்மேன் என்னைக் கேட்டின் குறுக்குக் கம்பியோடு நிறுத்தி அளந்து பார்த்துவிட்டு, "பொய் சொல்லாத பாப்பா, போய் மரத்தடில குந்து, உங்கம்மா நல்லாத்தான் இருக்குது" என்றார். மூன்று மாதம் அந்த வேப்பமரத்தடிதான் எனக்கும் சாந்தாவுக்கும். நைனா வெளியே வருவார், "நல்லா இருக்குதும்மா" என்பார், வேறெதுவும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, நான் பின்னால் நிற்பது தெரியாமல் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அது போய்ச் சேந்துட்டுதோ என்னவோ, பிள்ளைங்ககிட்ட மறைச்சிக்கினு இருக்காரு மனுசன்" என்றாள் ஒருத்தி. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நைனா "நல்லா இருக்குதும்மா" என்று சொன்னால் அவர் முகத்தையே பார்ப்பேன். தறியையே பார்த்துக் குனிந்து பழகிய முகம் அது, ஒன்றும் தெரியாது. அம்மா இருக்கிறாளா, இல்லையா? என் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று ஆகிவிட்டது.

பங்கஜம் அக்காவிடம் போய் அழுதேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத தெலுங்குக்கார வீட்டு மருமகள் அவள். பவுடர் டப்பா, கண் மை, சாந்து, சவுரி என்று எங்கள் தெருவில் அவளிடம் இருந்த சாமான் வேறு யாரிடமும் இல்லை. அடுத்த ஞாயிறு விடியற்காலை என்னை உட்காரவைத்து, அம்மாவின் நீலப் புடவையை இடுப்பில் நாலு மடிப்புச் செருகி, தொளதொளத்த ரவிக்கையை ஊக்குப் போட்டுப் பிடித்து, கழுத்தெல்லாம் பவுடர் அப்பி, மை தீட்டினாள். அடி தடித்த அவளுடைய செருப்பையும் கொடுத்தாள். "குதிச்சிக் குதிச்சி நடக்காத. பெரிய பொம்பளைங்க அவசரம் இருந்தாலும் காட்டிக்க மாட்டாங்க" என்றாள். அந்தப் பேச்சை இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். என் கண்ணுக்கு நான் வேஷம் கட்டின குழந்தையாகத்தான் தெரிந்தேன். பெரிய பொம்பளை என்று எனக்குத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். அவள் தினமும் காலையில் என்ன செய்வாளோ அதையெல்லாம் செய்தேன். காமாட்சியம்மன் கோயில் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்ததோடு வகிட்டிலும் ஒரு தீற்று தீற்றினேன். தகரப் பெட்டியைத் திறந்து மெட்டியை எடுத்து விரல்களில் மாட்டினேன். தொளதொளவென்று கழன்றது. தறியடியில் கிடந்த அறுந்த சிவப்புப் பட்டு இழையைப் பொறுக்கி அதைச் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். மெட்டியும் வகிட்டுக் குங்குமமும் கல்யாணமானவளுக்குத்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அது புத்தியில் ஏறவே இல்லை.

நைனா என்னைப் பார்த்து, "அப்பிடியே அவளாட்டமே இருக்குது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தரையில் புரண்ட புடவையில் மெட்டி அவர் கண்ணில் படவில்லை. வகிட்டையெல்லாம் கவனிக்கிற ஆளும் இல்லை அவர். பஸ்ஸில் ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, "மாமியா வூடு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேஷம் பலிக்கிறது என்ற சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்பதால், நைனா சாந்தாவை வைத்துக்கொண்டு மரத்தடியில் நிற்க, நான் அவசரத்தைக் காட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கு நடந்தேன். என்னைக் கம்பியோடு அளந்த அதே வாட்ச்மேன் ஒதுங்கி நின்று, "போங்கம்மா" என்றார்.

நீளமான வார்டு, பினாயில் நாற்றம், இரண்டு பக்கமும் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் அம்மா இருந்தாள். எலும்பும் தோலுமாக, ஆனால் இருந்தாள். அங்கேயே நின்றுவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்து, வகிட்டைப் பார்த்து, குனிந்து புடவைக்கு அடியில் தெரிந்த காலைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"யாருக்குடி கட்டிக் குடுத்தாரு உங்க நைனா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பதிமூணு வயசுப் புள்ளையை... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா அந்த மனுசனுக்கு? நான் செத்தா பூட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தான் இருக்கிற நிலைமையில் தனக்குத் தெரியாமலே பெண்ணைக் கட்டிக் கொடுத்துத் தள்ளிவிட்டார்கள் என்று அவள் நம்பிவிட்டாள். "இல்லம்மா, இல்லம்மா, உள்ள விட மாட்டேங்கறாங்கன்னுதாம்மா" என்று நான் உளறிக்கொட்டி, காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்துக் காட்டினேன். அவள் மெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடையது. அதில் நான் சுற்றியிருந்த சிவப்பு இழையை விரலால் தடவினாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

"யாரும்மா இது?"

நான் செத்தேன் என்று நினைத்தேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "என் தங்கச்சிம்மா. ஊர்லேந்து வந்துக்குது."

"ஒரே ஜாடை" என்ற நர்ஸ், அம்மாவின் துணியைக் கொதிக்கவைத்து அலசுவது, வீட்டுக்கு வந்தபின் தட்டு டம்ளர் தனியாக வைப்பது எல்லாவற்றையும் என்னிடம் விவரமாகச் சொன்னாள். நான் பெரிய பொம்பளையாகத் தலையாட்டினேன். அம்மா மடியில் தலையை வைத்து ஒரு மூச்சு அழ வேண்டும் என்றுதான் அத்தனை தூரம் போனேன். நர்ஸ் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள். அழுதால் மையும் கரைந்துவிடும். அழவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் சவுரி, பவுடர், மெட்டி. முதலில் நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் அம்மா என்னைத் தங்கச்சி என்றாள். நைனாவை "உங்க மாமா" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் சிரித்துக்கொள்வோம். போகப்போக நர்ஸ் இல்லாதபோதும் அந்தப் பேச்சு மாறவில்லை. பேச ஆள் இல்லாமல் கிடந்தவளுக்கு ஒரு கூடப்பிறந்தவள் கிடைத்துவிட்டாள். இந்தக் கல்யாணமே தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது என்றாள். "நான் பூட்டேன்னா உங்க மாமா இன்னொருத்தியைக் கட்டிக்கும். சாந்தாவை மட்டும் உட்டுடாத தங்கச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதிமூன்று வயதில் இதையெல்லாம் வாங்கி எங்கே வைப்பது? வீட்டுக்கு வந்து கொண்டையை அவிழ்த்துவிடலாம், கேட்டதை அவிழ்க்க முடியவில்லை. நான் அம்மாவைப் பார்க்கப் போனேன்; அங்கே இருந்தது ஓர் அக்கா.

பதினாலு மாதம் கழித்து அம்மா பிழைத்து வந்தாள். சாமி புண்ணியம், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தறியில் அவளால் உட்கார முடியாமல் போக, கரை நாடா என் கைக்கு வந்தது, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அரிசி எவ்வளவு போடுவது, சாந்தாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எதற்கும் "பெரியவளைக் கேளு" என்றாள் அம்மா. நைனாவும் அதையே சொன்னார். இருபத்தாறு வயதில் எனக்கு நிஜமாகவே கல்யாணம் நடந்தபோது அந்த மெட்டியைத்தான் போட்டார்கள். இழை சுற்றத் தேவைப்படவில்லை. புதுசாக எதுவும் நடப்பதாக எனக்குத் தோன்றவும் இல்லை. அலுப்பாக இருந்தது.

இப்போது என் பேத்திகளோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால், முகத்துக்குப் பூசுகிற பெண் எனக்கும் பூசிவிடவா, பத்து வயது குறைத்துக் காட்டிவிடுகிறேன் என்கிறாள். வேண்டாம்மா என்று சொல்லிவிடுவேன். பங்கஜம் அக்கா இல்லை, ஒற்றைத் தறி வீடு இல்லை. அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போன வருஷம் ஒரு வேலையாகப் போனேன். பலகையும் இல்லை, வேப்பமரமும் இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் போலிருக்கிறது.

அம்மா எண்பது தாண்டித்தான் போனாள். கடைசி ஆறு மாதம் ஞாபகம் போய்விட்டது. நான்தான் குளிப்பாட்டினேன், ஊட்டினேன். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது என் நரைத்த தலையையும் முகத்தையும் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தங்கச்சி, எம் பொண்ணு வர்லியா? எத்தினி நாளாச்சு அதப் பாத்து."

அம்மா, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நம்புகிற முகமா எனக்கு?

"வந்துக்குதுக்கா" என்றேன். "கேட்டாண்ட நிக்குது. சின்னப் பசங்கள உள்ள உட மாட்டாங்களாம்."