கையெழுத்து இல்லாதவர் தேநீர் போடுக

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் விமானக் கொட்டகையில் ரோலண்ட் டாஸ்கரின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பழுது பார்த்த விமானத்தைப் ‘பறக்கலாம்’ என்று சொல்லிக் கையெழுத்திடும் உரிமம் அவரிடம் இருந்தது. ஆனால் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கப் போவது, அவர் இயற்றிய சட்டத்துக்காக: கையெழுத்துப் போட முடியாதவரே தேநீர் போட வேண்டும்.

நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர் ரோலண்ட். விலகுவது உறுதியானதும், சத்தமில்லாமல் தன் உரிமத்தை அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்டவரும் அவரே. கொட்டகைக்கு வந்தவை எல்லாம் அயர்லாந்தில் பதிவான விமானங்கள். பிரிட்டிஷ் கையெழுத்து இனி அவற்றுக்குச் செல்லாது. நாடு போகட்டும், உரிமம் ஏன் போக வேண்டும்?

அவருக்கு நிகரான பொறியாளரான பாலின் மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே தேநீர் போட்டாள்.

“சக்கரை கம்மியா இருக்கே பாலின். நாட்டுப்பற்றை மட்டும் போட்டுக் கலக்கிட்டியா?”

“சூடு ஆறுறதுக்குள்ள குடி, ஐரிஷ் துரை.”

பிறகு ஐரிஷ்காரர்கள் தங்கள் விமானங்களைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். மேலாளர் கீத் அலைந்து திரிந்து பிரிட்டிஷ் விமானங்களைப் பிடித்து வந்தார். ரோலண்டைப் போன்ற ஐரோப்பிய உரிமக்காரர்கள் அவற்றில் கையெழுத்திடலாம், ஆனால் அந்த ஆண்டு முடியும்வரைதான். அதற்குள் விண்ணப்பித்தால் பிரிட்டிஷ் உரிமம் சுலபமாகக் கிடைக்கும்.

“அனுப்பிட்டியா ரோலண்ட்?” என்று கீத் கேட்டார்.

“இந்த நாடு சொன்ன தேதியில எதையாவது செஞ்சிருக்கா கீத்? வெளிய போற தேதியையே திரும்பத் திரும்பத் தள்ளி வெச்சவங்கய்யா. இதையும் தள்ளுவாங்க, பாரு.”

கொட்டகையே தலையாட்டியது. மறுக்க முடியாத வாதம். தேதி தள்ளப்படாது என்ற அறிவிப்பை முழுதாகப் படித்திருந்தவள் பாலின் ஒருத்திதான். அன்று அவள் ரோலண்டின் கோப்பையில் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டாள்.

தேதி அசையவில்லை.

புத்தாண்டின் முதல் வேலைநாளில் ரோலண்ட் ஒரு விமானத்துக்கு பிரேக் மாற்றி முடித்துப் பேனாவை எடுத்தார். கீத் விமானத்தின் பராமரிப்பு ஏட்டின் மேல் கையை வைத்தார்.

“வேணாம் ரோலண்ட்.”

“நான் மாட்டின பிரேக்குய்யா.”

“மாட்டினது நீதான். சட்டப்படி நீ இப்போ வெளிநாட்டு மெக்கானிக்கு.”

“நான் இந்த ஊர்லயே பொறந்தவன்.”

“நீ பொறந்தே. உன் உரிமம் பொறக்கலையே. சுலப வழியை மூடிட்டாங்க. இனிமே பரீட்சை எழுதணுமாம்.”

ஐம்பத்தெட்டு வயது ரோலண்ட் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

பாலின் விளக்கை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் குனிந்தாள். ஒவ்வொரு போல்ட்டையும் சாவகாசமாகத் தட்டிப் பார்த்தாள். ரோலண்ட் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பரவாயில்லையே, வெளியூர் ஆளா இருந்தாலும் வேலை சுத்தம்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

“அப்போ என் வேலை?” என்று ரோலண்ட் கீத்திடம் கேட்டார்.

“உதவியாளா இருந்துக்கோ. யாரு வேணாங்கறா?”

கோப்பைகள் மேசையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சட்டம் இயற்றியவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார்.

பாலின் ஒரு வாய் குடித்தாள். மீதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

“இன்னொரு வாட்டி போடு, துரை. அவசரமில்ல. தேதியைத் தள்ளி வெச்சுக்கலாம்.”