மூட்டையில் ஓர் இடம்

மஞ்சக்குட்டை வளைவில் பஸ் திரும்பும்போது, புளித்த காப்பிப் பழத்தோலின் வாசனை சன்னல் வழியே வந்தது. உடனே நான், இன்று ஒரு விடுதியின் கார்கள் நிற்கும் இடத்தில் அன்று இருந்த எங்கள் எஸ்டேட் குடோனுக்குள், சிறு பிள்ளையாகக் காப்பி மூட்டை மேல் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் எங்கள் ஜெபக்கூடம். தகரக் கூரையில் சாரல் இரைய, பாட்டு முடிந்ததும் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் கர்த்தர் தங்களை எப்படி நடத்தினார் என்று சாட்சி சொல்வார்கள். கேட்டால் அத்தனை பேரும் தேவதூதர்கள் என்றே தோன்றும், எனக்குக் கொட்டாவி வரும். பழத்தோல் உரிக்கும் மெஷினை ஓட்டிய மாரியப்பன் மாமா மட்டும், ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து, கதவோரம் தரையில் உட்கார்ந்து, வாரம் தவறாமல் ஒரே சாட்சி சொல்வார்: "இந்த வாரமும் குடிக்கலீங்க."

ஒரு ஞாயிறு, எழுந்தவர் சாட்சியை மாற்றிச் சொன்னார்.

"நேத்து குடிச்சுட்டனுங்க."

அவர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டப் போனார். அப்போது, சபையில் யாராலும் ஒரு குறை சொல்லமுடியாத என் அம்மா எழுந்தாள்.

"நானுந் தப்புப் பண்ணுனவதானுங்க. எங்கக்காகூட மூணு வருசமாப் பேசறதில்லீங்க. சாட்சியில அதை மட்டும் சொன்னதே இல்லீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தள்ளி உக்காரு கண்ணு, மாமா உக்காரட்டும்."

அதன் பிறகு அந்தக் குடோனில் சாட்சிகளில் குறைகளும் வந்தன, நீளமும் குறைந்தது. எனக்குக் கொட்டாவியும் வரவில்லை.

இன்று நானும் ஒரு சபையின் போதகர். ஊழியத்துக்கான அழைப்பு எப்போது வந்தது என்று கேட்கிறவர்களிடம், பழத்தோல் வாசனை வீசும் ஈரச் சட்டையோடு ஒருவர் பக்கத்தில் உட்கார, என் மூட்டை மெல்ல அமுங்கியதைத்தான் சொல்கிறேன்.